சாட்ஸ்வொர்த் சைக்கிளின் ஸ்பிரிங்கர் ஃபோர்க்: எங்கே விட்டது, எங்கே வலுவூட்டினோம்

டர்பன் நகரத்துக்குத் தென்மேற்கே, உம்லதுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது சாட்ஸ்வொர்த். 1960களில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிக் கட்டிய ஊர். இங்கே வாசலில் இருந்து வண்டியை எடுத்தால் ஒன்று ஏற வேண்டும், இல்லை இறங்க வேண்டும். இந்த ஆய்வில் வரும் சைக்கிளின் கோளாறு அந்த இறக்கங்களில்தான் தொடங்கியது.

வண்டி எங்கள் மாமா ஒருவருடையது. சொந்த மாமா இல்லை, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். நீட்டிக் கட்டிய குரூசர் சட்டம் (பிரேம்), 26 அங்குலச் சக்கரம், 2.125 அகல டயர், முன்னால் பளபளவென்று குரோம் பூசிய ஸ்பிரிங்கர் ஃபோர்க், அதாவது முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்பிரிங் வைத்த கவை. ஃபோர்க்கை ரெடிமேடாக வாங்கி மாட்டியிருந்தார். வண்டி 23 கிலோ, அவர் 92 கிலோ. ஞாயிற்றுக்கிழமை பக்கியில் (சின்னச் சரக்கு வண்டியில்) ஏற்றிக்கொண்டு கடற்கரை நடைபாதைக்குப் போய் ஓட்டுவதற்காகத்தான் அதைக் கட்டினார். அங்கே தரை சமம் என்பதால் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் கோஸ்டர் பிரேக்கே போதுமாக இருந்தது. அப்புறம் ஊருக்குள்ளேயும் ஓட்டத் தொடங்கினார். இறக்கத்துக்கு அது போதவில்லை என்று முன் சக்கரத்தில் 90 மி.மீ. டிரம் பிரேக் உள்ள ஹப்பைப் போட்டார்.

கொஞ்ச நாளில் மூன்று புகார்கள் வந்தன. பிரேக் பிடித்தால் அடியில் "டக்" என்று ஒரு சத்தம். இறக்கத்தில் வேகம் எடுத்தால் ஹேண்டில் நடுக்கம். இடதுபக்க முன்கால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு வளைந்திருந்தது. நான் டர்பன் துறைமுகத்தின் பேஹெட் பக்கம் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர் வேலை பார்ப்பவன் என்பதால் வண்டி என்னிடம் வந்தது. "தம்பி, இந்தக் கம்பியை எடுத்துட்டு இன்னும் மொத்தமா ஒண்ணு போட்டுக் கொடு, அது போதும்" என்றார் மாமா. "முழுசா கழட்டிப் பாத்துட்டுச் சொல்றேன் மாமா" என்றேன்.

ஃபோர்க்கின் அமைப்பு

ஸ்பிரிங்கர் ஃபோர்க்கில் இரண்டு ஜோடிக் கால்கள் இருக்கும். பின்கால்கள் அசையாதவை, கிரவுனோடும் (கால்களை மேலே சேர்த்துப் பிடிக்கும் தகடு) ஸ்டீரர் குழாயோடும் (ஹேண்டிலோடு சேர்ந்து திரும்பும் குழாய்) சேர்த்துப் பற்றவைத்திருக்கும். முன்கால்கள் மேலும் கீழும் போகும். அவற்றின் மேல்முனைதான் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. இரண்டையும் அடியில் சேர்ப்பது ராக்கர் என்கிற சின்னத் தகடு. இந்த வண்டியில் ராக்கரின் பின்முனை பின்காலில் திரும்புகிறது, முன்முனையில் சக்கர ஆக்சில், நடுவில் முன்கால். திருகுமுனையில் இருந்து ஆக்சில் 65 மி.மீ., முன்கால் 35 மி.மீ. தூரம்.

இது நம்பகமான பழைய வடிவம். ஹார்லி டேவிட்சன் தன் பெரிய மோட்டார் சைக்கிள்களில் 1948 வரை இதைத்தான் வைத்திருந்தது. 1949இல் குழாய்க்குள் குழாய் நுழையும் டெலஸ்கோப் ஃபோர்க்குக்கு மாறி, 1988இல் அழகுக்காகவே மறுபடி ஒரு மாடலில் கொண்டுவந்தது. சைக்கிள் கடைகளில் இன்று கிடைப்பவை பெரும்பாலும் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டவை. சமதரையில் மெதுவாகப் போவதற்கு அவை சரி. அதே ஃபோர்க்கில் முன் பிரேக் ஒன்றைக் கட்டிவிட்டால் கணக்கு அடியோடு மாறிவிடுகிறது. பிரேக் இழுப்பைச் சேர்த்து யாரும் அதை வடிவமைக்கவில்லை.

கழற்றிப் பார்த்ததில்

ராக்கர் 4 மி.மீ. தகடு. அதில் எம்8 (8 மி.மீ.) போல்ட்டின் மரையே நேராக ஓட்டைக்குள் உரசிக்கொண்டிருந்தது. புஷ் (உரசலைத் தாங்கும் உள்வளையம்) கிடையாது, கிரீஸ் போகவும் வழி இல்லை. நான்கு ஓட்டைகளும் முட்டை வடிவத்துக்கு வந்துவிட்டன. அந்த "டக்" சத்தம் இங்கிருந்துதான். போல்ட்டை ஒரு பக்கத் தகடு மட்டும் பிடித்திருந்ததால் போல்ட்டே லேசாக வளைந்திருந்தது.

டிரம் பிரேக்கின் கையை, அதாவது பிரேக் தகடு சக்கரத்தோடு சேர்ந்து சுற்றாமல் பிடித்துவைக்கும் நீட்டலை, ஒரு கிளிப் போட்டு இடது முன்காலில் கட்டியிருந்தார்கள். கால் வளைந்த இடம் கிளிப்புக்கு நேர் மேலே.

மூன்றாவதாகக் கண்டதுதான் என்னை உட்காரவைத்தது. கிரவுனும் ஸ்டீரர் குழாயும் சேரும் இடத்தில் குரோம் மேல் மயிரிழை போல ஒரு கோடு. குரோமைச் சுரண்டி எடுத்துவிட்டு, விரிசல் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்து, வெள்ளை டெவலப்பரைத் தெளித்ததும் வெல்டிங்கின் ஓரத்தைப் பிடித்தபடி குழாயின் பின்பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு எழும்பி வந்தது. வளைந்த கம்பி கண்ணில் படும், ஓட்டுகிறவர் நிறுத்திவிடுவார். ஸ்டீரர் விரிசலுக்கு அப்படி முன்னெச்சரிக்கை கிடையாது. விட்டால் ஒரே நொடியில் ஹேண்டில் கையோடு வரும், சக்கரம் தனியே போகும். மாமா சொன்னபடி முன்காலை மட்டும் மொத்தமாக்கிக் கொடுத்திருந்தால் இந்த விரிசலோடுதான் வண்டி மறுபடி இறக்கத்துக்குப் போயிருக்கும்.

பாரம் எந்த வழியாகப் போகிறது

வண்டியும் ஆளும் சேர்ந்து 115 கிலோ. புவியீர்ப்பின் 0.4 பங்கு அளவுக்கு வேகத்தைக் குறைக்கும் ஒரு நல்ல பிரேக்கை எடுத்துக்கொள்வோம். டயர் தரையைத் தொடும் இடத்தில் சுமார் 450 நியூட்டன் பின்னோக்கி இழுக்கும். சக்கரத்தின் ஆரம் 0.33 மீட்டர் என்பதால் பிரேக் தகட்டில் விழும் திருகுவிசை ஏறக்குறைய 150 நியூட்டன் மீட்டர். பிரேக் கையின் நீளம் 15 செ.மீ. அப்படியானால் கிளிப் இருந்த இடத்தில் முன்காலைக் குறுக்காக இழுத்த விசை சுமார் 1,000 நியூட்டன், அதாவது நூறு கிலோ எடை.

முன்கால் 12 மி.மீ. கெட்டிக் கம்பி, நீளம் 450 மி.மீ. அடியில் இருந்து 150 மி.மீ. உயரத்தில் 1,000 நியூட்டன் குறுக்கே இழுத்தால் கம்பியில் உண்டாகும் வளைவு அழுத்தம் 590 மெகாபாஸ்கல் அளவில் வருகிறது. சாதாரண மைல்ட் ஸ்டீல் 250, 300 மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். வளைந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதே கம்பிக்கு அதன் சொந்த வேலை என்ன? ஸ்பிரிங்கை நேராக மேலே தள்ளுவது மட்டும். முன் சக்கரத்தில் நிற்கும் எடை, ராக்கரின் நெம்புகோல் கணக்கு எல்லாம் சேர்த்தால் ஒவ்வொரு காலுக்கும் 475 நியூட்டன் அளவு வருகிறது. குழியில் விழும்போது அது மூன்று மடங்கானாலும் 1,400ஐச் சுற்றித்தான் இருக்கும். 12 மி.மீ. கம்பி நேர் அழுத்தத்தில் மடங்குவதற்கு 9,900 நியூட்டன் வேண்டும். ஏழு மடங்கு இருப்பு! அந்தக் கம்பியிடம் குறை எதுவும் இல்லை. அதற்குச் சம்பந்தமே இல்லாத பாரத்தை அதன் தலையில் கட்டியிருந்தார்கள்.

இந்த இடத்தை ஸ்பிரிங்கர் ஃபோர்க் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறை யோசித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். வளைந்த உறுப்பைத் தடித்ததாக மாற்றுவது கைக்கு உடனே வருகிற தீர்வு. அப்படிச் செய்தால் பாரம் அடுத்த பலவீனமான இடத்துக்கு நகர்ந்துவிடும். முன்காலை 16 மி.மீ. ஆக்கியிருந்தால் அது வளையாது, சரி. அந்த 1,000 நியூட்டன் ஏற்கெனவே முட்டையாகிப் போன ராக்கர் ஓட்டையில் போய் இடித்திருக்கும்.

கிரவுன் விரிசலுக்குக் காரணம் வேறு. சாய்ந்து நிற்கும் ஃபோர்க்கை ஆளின் எடையும் குழிகளும் முன்னோக்கி வளைக்கின்றன. பிரேக் பின்னோக்கி வளைக்கிறது. கிரவுன் தரையில் இருந்து 72 செ.மீ. உயரத்தில் இருக்கிறது, பிரேக் அங்கே உண்டாக்கும் வளைவு 320 நியூட்டன் மீட்டர். எடையால் வரும் எதிர் வளைவு இதில் பாதியைக் கழித்துவிடும், ஆனாலும் திசை மாறிவிடுகிறது. முன்னும் பின்னும் மாறி மாறி வளைவதுதான் இரும்பை மிக வேகமாகச் சோர்வடையச் செய்வது. சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரநிலையும் ஃபோர்க்கை இரு திசையிலும் 1,00,000 முறை வளைத்துச் சோதிக்கச் சொல்கிறது. கோஸ்டர் பிரேக் மட்டும் இருந்த காலத்தில் இந்த ஃபோர்க் ஒரே திசையில் வளைந்துகொண்டிருந்தது; முன் பிரேக் வந்ததும் இரு திசை வளைவும் தொடங்கியது. ஒழுங்கில்லாத வெல்டிங் ஓரம் விரிசலுக்குப் பிள்ளையார் சுழி போட்டது.

எதை விட்டோம், எதைச் செய்தோம்

விரிசல் விட்ட ஸ்டீரர் குழாயின் மேல் வெல்டிங் ஓட்டி மூடலாமா என்று மாமாவின் மகன் கேட்டார். அது கூடவே கூடாது. மேலே பூசிய வெல்டிங்குக்கு அடியில் விரிசல் அப்படியே உயிரோடு இருக்கும், கண்ணுக்கும் தெரியாது. கிரவுனையும் ஸ்டீரரையும் அறுத்துத் தனியே போட்டோம். புதிதாகச் செய்வதென்று ஆனதால் சில விஷயங்களை அடியில் இருந்தே சரியாகச் செய்ய முடிந்தது.

பழைய ஃபோர்க்கில் பின்கால்கள் கீழ்க் கிரவுனோடு முடிந்துவிட்டன. வளைவு முழுவதையும் ஸ்டீரர் குழாய் தனியாகத் தாங்க வேண்டியிருந்தது. புதியதில் பின்கால்களை ஹெட் டியூபின் (ஸ்டீரர் உள்ளே திரும்பும் சட்டத்தின் முன்குழாய்) இரு பக்கமும் மேலே கொண்டுபோய், ஹெட்செட் என்கிற அதன் பேரிங்குக்கு மேல் இன்னொரு தகட்டில் கவ்வவைத்தோம். மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற இரட்டைக் கிரவுன். இப்போது வளைவை இரண்டு தகடுகளும் கால்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஸ்டீரருக்குத் திரும்பும் வேலை மட்டும் பெரிதாக மிச்சம். இந்தப் பழுதில் ஃபோர்க்கை நிஜமாகக் காப்பாற்றியது இந்த ஒரு மாற்றம்தான் என்று நினைக்கிறேன்.

பின்கால்களுக்கு 25.4 மி.மீ. விட்டம், 1.6 மி.மீ. தடிமன் உள்ள குரோம்-மாலி (குரோமியமும் மாலிப்டினமும் கலந்த எஃகு) குழாய். பழையது 22.2க்கு 1.2. விறைப்பு ஏறக்குறைய இரு மடங்கு ஆகிறது. மாமாவுக்குக் கெட்டிக் கம்பி மேல்தான் நம்பிக்கை. "குழாய் உள்ளே காலியாச்சே தம்பி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்காக இரண்டையும் தராசில் வைத்தோம். 12 மி.மீ. கெட்டிக் கம்பியும் இந்தக் குழாயும் ஒரே நீளத்தில் கிட்டத்தட்ட ஒரே எடை. ஆனால் குழாயின் விறைப்பு எட்டு மடங்குக்கு மேல். இரும்பு நடுவில் இருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அந்த அளவுக்கு வளைவை எதிர்க்கும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குரோம்-மாலி என்பதால் மட்டும் விறைப்பு அதிகமாகிவிடாது; எந்த எஃகானாலும் அதே அளவில் இருந்தால் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். நிரந்தரமாக வளையாமல் திரும்பி வரும் எல்லைதான் அதில் உயரம்.

ராக்கரில்தான் அதிக நேரம் போனது. 6 மி.மீ. தகட்டில் வெட்டி, திருகும் இடங்களில் 20 மி.மீ. வெளிவிட்டம் உள்ள உருளைகளைப் பற்றவைத்து, உள்ளே எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ் அடித்தோம். வெல்டிங் சூட்டில் ஓட்டை சுருங்கி வட்டம் கெடும் என்பதால், எல்லா வெல்டிங்கும் முடிந்து ஆறிய பிறகுதான் ரீமர் போட்டு அளவுக்குக் கொண்டுவந்தோம். புஷ்ஷுக்குள் ஓடுவது போல்ட்டின் மரை இல்லாத வழவழப்பான 10 மி.மீ. பகுதி. முன்பு போல்ட் அழுத்திய பரப்பு 8க்கு 4, அதாவது 32 சதுர மி.மீ.; இப்போது 10க்கு 16, அதாவது 160. ஐந்து மடங்கு. கால்களின் அடிமுனையை இரண்டு தகடுள்ள கவையாகச் செய்து ராக்கரை நடுவில் விட்டோம். போல்ட்டை இரு பக்கமும் பிடித்துக்கொள்வதால் வெட்டு அழுத்தம் பாதியாகிறது. போல்ட் வளைவதும் நின்றுவிட்டது.

பிரேக் கையை முன்காலில் இருந்து பிரித்து எடுத்தாயிற்று. அதை எங்கே கட்டுவது? ராக்கரிலேயே கட்டுவது சுலபம். அப்படிச் செய்தால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் சக்கரம் ராக்கரைக் கீழ்நோக்கித் திருப்பும், வண்டியின் முன்பக்கம் எழும்பும். 1955 முதல் 1969 வரை பிஎம்டபிள்யூ மோட்டார் சைக்கிள்களில் வந்த, இதே போலச் சக்கரம் திருகுமுனைக்கு முன்னால் இருக்கும் ஏர்ல்ஸ் ஃபோர்க்கை ஓட்டியவர்களுக்கு இந்த எழும்பல் பழக்கமானது. எங்களுக்கு அது வேண்டாம். பிரேக் கையின் மேல்முனையில் இருந்து பின்காலுக்கு ஒரு இணைப்புக் கம்பி போட்டோம். அதன் நீளம் ராக்கருக்குச் சமம், கிடப்பதும் ராக்கருக்கு இணையாக. இரு முனையிலும் ரோஸ் ஜாயின்ட் என்கிற, எந்தப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு. சக்கரம் ஏறி இறங்கும்போது பிரேக் தகடு சுற்றாமல் அப்படியே மேலும் கீழும் போகிறது. பிரேக் பிடித்தால் கையின் மேல்முனை முன்னோக்கிப் போகப் பார்க்கும் என்பதால் இணைப்புக் கம்பிக்கு வருவது இழுவை மட்டும். மெல்லிய கம்பிக்கு இதைவிடச் சௌகரியமான வேலை கிடையாது. அந்த 1,000 நியூட்டன் இப்போது 25.4 மி.மீ. குழாய்க்குப் போகிறது.

முன்கால்கள்? பழையபடியே 12 மி.மீ. கம்பி. வளைந்ததை எடுத்துவிட்டு அதே தடிமனில் நேரான புதுக் கம்பிகளைப் போட்டோம். மாமா அதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

ஹேண்டில் நடுக்கத்துக்கு வலுவோடு சம்பந்தம் குறைவு, அது அளவு சம்பந்தப்பட்டது. ஹெட் டியூபின் சாய்வு 68 பாகை. பழைய கிரவுன் கால்களை 30 மி.மீ. முன்னால் தள்ளியிருந்தது, ராக்கர் இன்னும் 65. மொத்தம் 95 மி.மீ. இந்தக் கணக்கில் டிரெயில், அதாவது ஸ்டீரர் அச்சு தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர் தொடும் புள்ளிக்கும் உள்ள தூரம், வெறும் 31 மி.மீ.தான். புதுக் கிரவுனில் கால்களைப் பின்னால் இழுத்து 5 மி.மீ.க்குக் கொண்டுவந்தோம். டிரெயில் 58 ஆனது. நடுக்கம் போய்விட்டது.

ஸ்பிரிங்கை மாற்றவில்லை. கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கில் ஸ்பிரிங்கின் விறைப்பு ஏறும், 5 மி.மீ. கம்பிக்குப் பதில் 6 போட்டாலே இரண்டு மடங்கு. அப்படிக் கெட்டியாக்கினால் ஃபோர்க் பெயருக்குத்தான் ஸ்பிரிங்கர். முழுக்க அமுங்கும்போது இரும்பும் இரும்பும் இடிக்காமல் இருக்க ரப்பர் கட்டை வைத்தோம், அவ்வளவே.

வெல்டிங் பற்றி வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குரோம் பூச்சின் மேல் வெல்டிங் வைக்கக் கூடாது. அந்தப் புகை நுரையீரலுக்கு விஷம். துத்தநாகம் பூசிய குழாயும் அப்படித்தான், ராத்திரி காய்ச்சலில் நடுங்கவைக்கும். பற்றவைக்கும் இடத்தைச் சுற்றிப் பூச்சைச் சுத்தமாக எடுத்துவிட்டு, டிக் வெல்டிங்கில் ஈஆர்70எஸ்-2 என்கிற நிரப்புக் கம்பியால் செய்தோம். தண்ணீர் ஊற்றாமல் தானாக ஆறவிட்டோம். மூடிய குழாய்களில் காற்றுப் போக ஒரு சிறு ஓட்டை விட்டு, பிறகு உள்ளே எண்ணெய் விட்டு அடைத்தோம். டர்பன் உப்புக்காற்றில் குழாய் உள்பக்கமிருந்து துருப்பிடிப்பது வெளியே தெரிவதில்லை. மாமா மறுபடி குரோம் கேட்டார். குழாய்களுக்குச் சரி என்றேன், போல்ட்டுகளுக்கு மட்டும் மறுத்துவிட்டேன். மிகக் கடினமான போல்ட்டுகள் குரோம் தொட்டியில் ஹைட்ரஜனை உறிஞ்சி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும்.

சோதனையும் இப்போதைய நிலையும்

முதலில் வண்டியை அசையாமல் கட்டிவைத்து, முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்து, சக்கரத்தின் விளிம்பில் தராசு வைத்து 450 நியூட்டன் வரை இழுத்துப் பார்த்தோம். இணைப்புக் கம்பி விறைத்து நின்றது, முன்கால்கள் அசையவில்லை. பிறகு சமதரை, அப்புறம் சின்ன இறக்கம், கடைசியில் மாமாவின் தெரு. ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் கிரவுன் வெல்டிங்குகளில் சிவப்புச் சாயம் அடித்துப் பார்த்தோம். சுத்தமாக இருந்தன. ராக்கரின் ஆட்டம் கையில் தெரியவில்லை.

ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. இரட்டைக் கிரவுன் ஸ்டீரரைக் காப்பாற்றுகிறது. ஆனால் விறைப்பான ஃபோர்க் குழியின் அடியை அப்படியே ஹெட் டியூபுக்குக் கடத்துகிறது. சைக்கிள் பிரேம் தயாரிக்கிறவர்கள் பலர் இரட்டைக் கிரவுன் ஃபோர்க்கை அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். கீழ்க்குழாய் ஹெட் டியூபோடு சேரும் இடத்தின் அடியில் ஒரு வலுத்தகடு வைத்தோம். அதன் முனைகளைக் கூராக விடாமல் மெதுவாகக் குறுகிப் போகும்படி வெட்டினோம், இல்லாவிட்டால் தகடு முடிகிற இடமே அடுத்த விரிசலுக்கு வாசல். அந்த மூலையில் பெயிண்ட் அடிக்காமல் நிறமில்லாத வார்னிஷ் மட்டும் பூசியிருக்கிறோம், கோடு ஏதாவது வந்தால் மாமா கண்ணிலேயே படட்டும் என்று. சங்கிலிக்கு எண்ணெய் விடும்போதெல்லாம் அதைத் துடைத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பேரனின் 20 அங்குல வண்டிக்கும் இதே போல ஒன்று வேண்டும் என்கிறார். பையன் எடைக்கு 25.4 மி.மீ. குழாய் தேவையில்லை, 19 போதும். முன் பிரேக் இல்லாததால் இணைப்புக் கம்பியும் வராது, இரட்டைக் கிரவுனும் வேண்டாம். ராக்கரின் புஷ்ஷும் இரு பக்கப் பிடிப்பும் மட்டும் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.